ஆழ்நீரும் கலங்கா நெஞ்சமும்: அறிஞர் ஹால்டேனின் வாழ்வு

தோற்றுவாய்

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியுடன் கலந்து, பழைய கொற்கைத் துறை விளங்கிய நிலப்பகுதியை நனைத்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. சாரல் காலத்தில் அருவியின் கீழ் நாம் தலையில் ஏந்தும் நீரே முத்து விளைந்த கடலுக்கும் செல்கிறது. எமது ஊராகிய சுந்தரபாண்டியபுரம் பாண்டியர் பெயரைத் தாங்கி நிற்பது. அப்பாண்டியரின் செல்வத்தில் ஒரு பங்கு, மூச்சையடக்கிக் கடலடிக்குச் சென்று மீண்ட எளிய மனிதர்களின் உழைப்பால் விளைந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, சுந்தரபாண்டியன் என்னும் மன்னனையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் தம் பயண நூலில் பதிந்துள்ளார்.

முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் நம் சமுதாயத்துக்கும் அயலானவை அல்ல. பரதவ மக்களோடு காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் உரிய முஸ்லிம் பெருமக்களும் இத்தொழிலில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தனர். திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளாகக் குறிப்பிடுகிறது. அவ்வருட்கொடையைக் கடலடியிலிருந்து மேலே கொணர்வோர் உயிருடன் கரை சேர வேண்டுமானால் இரண்டு வேண்டும். ஒன்று பயிற்சி; மற்றொன்று கலங்காத மனம். இவ்விரண்டையும் அறிவியல் முறையில் ஆராய்ந்து, அதற்குத் தம் உடலையே சோதனைக் களமாக்கி, இறுதியில் நம் நாட்டின் குடிமகனாகவே மறைந்த ஒரு பேரறிஞரின் வாழ்வை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் ஆவார்.

தந்தையின் பள்ளி

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சியக்கத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சுரங்கம், சாக்கடை, நெருக்கடியான தொழிற்கூடம் என மனிதர் கெட்ட காற்றைச் சுவாசிக்க நேரும் இடங்களுக்கெல்லாம் தாமே சென்று, அங்குள்ள காற்றைத் தாமே சுவாசித்துப் பார்த்தவர். பிறர் உயிரைச் சோதனைக்கு ஆளாக்குமுன் தம் உயிரை ஆளாக்க வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. அந்நெறியே மகனுக்கும் முதுசொம்மாக வாய்த்தது.

மகன் சிறுவனாயிருந்தபோதே தந்தையார் அவரை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். சுரங்கத்தில் சேரும் மீத்தேன் வாயு காற்றைவிட இலேசானது. ஆதலின் கூரையை ஒட்டித் தங்கும். தந்தையார் சிறுவனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் வரும் நெடிய சொற்பொழிவை உரக்கச் சொல்லுமாறு பணித்தார். சில அடிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு முட்டிற்று, கால்கள் தளர்ந்தன, அவர் தரையில் விழுந்தார். தரையை ஒட்டிய காற்று நல்ல காற்றாதலால் விரைவில் தெளிவு பெற்றார். ஆபத்து எங்கே இருக்கிறது, அதிலிருந்து மீளும் வழி எங்கே இருக்கிறது என்னும் இரண்டையும் ஒரே பாடத்தில் அவர் கற்றுக்கொண்டார்.

1906ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படையினருக்காக ஆழ்கடல் மூழ்குதலைப் பற்றிய சோதனைகளைத் தந்தையார் ஸ்காட்லாந்துக் கடற்பகுதியில் நடத்தினார். பதின்மூன்று வயது மகனும் கடலுள் இறங்க வாய்ப்புப் பெற்றார். பெரியவர்களுக்கென அமைந்த மூழ்குடை சிறுவனுக்கு மிகப் பெரியதாயிருந்தது. மணிக்கட்டுப் பக்கமாக நீர் உள்ளே கசியத் தொடங்கிற்று. கடலடியில், குளிர்ந்த நீர் உடைக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது, அச்சிறுவர் அலறவில்லை. காற்றுத் திறப்பானைக் கற்பிக்கப்பட்டவாறே இயக்கி, காற்றின் அழுத்தத்தால் நீர் முகத்தளவு ஏறாமல் தடுத்துக்கொண்டார். பின்னர் நனைந்து நடுங்கியவராய் மேலே வந்து சேர்ந்தார். கற்ற செயல் கைக்குப் பழகியிருந்தமையால் மனம் கலங்கவில்லை. மனம் கலங்காமையால் கை தடுமாறவில்லை. பயிற்சியும் மன அமைதியும் ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்கள் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

ஆழத்தின் இலக்கணம்

கடல்நீரில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் உடலின்மீது கூடுகிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் ஒருவர் சுவாசிக்கும் காற்று, கரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு அழுத்தமுடையது. அவ்வழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மூழ்கியவர் விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல் அவ்வாயு உடலுக்குள் குமிழிகளாய் வெளிப்படும். மூட்டுவலி, பக்கவாதம், சில வேளைகளில் மரணம் என்பன இதன் விளைவுகள்.

இதற்கு வழி கண்டவர் தந்தை ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தும், கடற்படை மூழ்குநரைக் கொண்டு 210 அடி ஆழம் வரை இறக்கிப் பார்த்தும், படிப்படியாக நின்று நின்று மேலேறும் முறையை அவர் வகுத்தார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எந்தெந்தப் படியில் எத்தனை நிமிடம் தங்க வேண்டும் என்னும் அட்டவணை 1908இல் வெளியாயிற்று. உலகெங்கும் இன்று மூழ்குநர் பின்பற்றும் அட்டவணைகளுக்கும் கணிப்பொறிக் கருவிகளுக்கும் அதுவே மூலவேர். பொறுமையாக மேலேறுபவரே பிழைப்பார் என்பது அதன் சாரம். மேலே வெளிச்சம் தெரியும்போதும் நின்று காத்திருக்கும் அடக்கம் பயிற்சியின்றி எவருக்கும் வாராது.

போரும் ஆய்வும்

மகன் ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டின் நியூ கல்லூரியிலும் பயின்றார். கணிதமும் பண்டை இலக்கியமும் கற்ற அவர், முறையாக அறிவியல் பட்டம் பெறாமலே அறிவியல் மேதையானார் என்பது மாணவர் கருதத்தக்கது. முதல் உலகப் போரில் படைவீரராய்ப் பணியாற்றியபோது 1915இல் நச்சுவாயுப் போர் தொடங்கவே, தந்தையுடன் சேர்ந்து குளோரின் நிறைந்த அறைக்குள் நுழைந்து முகமூடிகளைச் சோதித்தார். போரில் காயமுற்று, மெசபடோமியாவில் மீண்டும் காயமுற்று, உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இம்மண்ணின்மீது அவருக்கு ஏற்பட்ட பற்று அன்று விதைக்கப்பட்டதே.

பின்னர்க் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியலும் கற்பித்தார். டார்வினின் கொள்கையையும் மெண்டலின் மரபு விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூவருள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். மலேரியா மிகுந்த நாடுகளில் தலசீமியா என்னும் குருதி நோய் மிகுந்திருப்பதேன் என்பதற்கு 1949இல் அவர் கூறிய விளக்கம் பிற்கால ஆய்வுகளுக்கு வழிகாட்டியது. தம் உடலையே ஆய்வுக்குட்படுத்திய பழக்கத்தைப் பற்றி, தனக்குத்தானே சோதனை முயலாதல் என்னும் பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரையும் எழுதினார்.

தீட்டிஸ் தந்த பாடம்

1939ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தீட்டிஸ் என்னும் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் வளைகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கிற்று. கப்பலில் இருந்த 103 பேரில் நால்வரே தப்பினர். 99 பேர் மாண்டனர். தப்பும் கருவி கப்பலில் இருந்தது. தப்பும் வாயிலும் இருந்தது. அங்ஙனமிருந்தும் ஏன் இத்துணைப் பேர் இறந்தனர் என்னும் வினா நாட்டையே வாட்டிற்று. இறந்த தொழிலாளர்களின் சங்கங்கள் ஹால்டேனை நாடின.

அவர் நூலகத்தில் அமர்ந்து விடை தேடவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பங்கேற்று, ஆபத்தில் கலங்காதவர் எனத் தாம் நம்பிய நால்வரைச் சேர்த்துக்கொண்டு, அடைபட்ட இரும்பு அறைக்குள் அமர்ந்தார். வெளிவிட்ட மூச்சையே மீண்டும் மீண்டும் சுவாசித்தபோது கரியமிலவாயு பெருகிற்று. மூச்சிரைப்பும் கடுந்தலைவலியும் குமட்டலும் உண்டாயின. வலிமை மிக்க ஆடவரும் எளிய செயலைச் செய்யத் தடுமாறும் நிலை உருவாயிற்று. தீட்டிஸ் கப்பலில் இருந்தோர் கோழைகள் அல்லர். கெட்ட காற்று அவர்தம் உடலையும் அறிவையும் முன்னரே மழுங்கச் செய்துவிட்டது என்பது இதனால் விளங்கிற்று. மன உறுதி வெறும் வீரத்தால் மட்டும் அமைவதன்று. மூளைக்குச் செல்லும் காற்றையும் பொறுத்தது என்னும் உண்மையை உலகம் உணர்ந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படை இவ்வாய்வைத் தொடருமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. இலண்டனில் மூழ்குகருவி செய்யும் நிறுவனமொன்றின் அழுத்த அறைக்குள் அவரும், பின்னாளில் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும், வேறு பல தோழர்களும் பலமுறை புகுந்தனர். பத்து வளிமண்டல அழுத்தம் வரை ஏற்றியும், பனிக்கட்டி நீரில் கிடந்தும், கரியமிலவாயுவைக் கூட்டியும் சோதித்தனர். அவ்வழுத்தத்தில் நைட்ரஜன் மது உண்டாற்போன்ற மயக்கத்தைத் தரும். அம்மயக்கத்தின் அளவை அறிய அறைக்குள் இருப்போர் கணக்குப் போட வேண்டும்; சிறு இடுக்கியால் எஃகுக் குண்டுகளை எடுத்து வைக்க வேண்டும். கரையில் எளிதாயிருந்த கணக்கு அங்கே பிழைத்தது. மயங்கியவர் தாம் மயங்கியதையே உணர்வதில்லை என்பதே இதிலுள்ள பேராபத்து.

உயிர்வளியும் மிகுந்த அழுத்தத்தில் நஞ்சாகும் என்பதை இச்சோதனைகளில் அவர் தம் உடலாலேயே உணர்ந்தார். ஒருமுறை ஏற்பட்ட கடும் வலிப்பில் அவருடைய முதுகெலும்பு சிதைவுற்றது. அவ்வலி வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. செவிப்பறை கிழிந்ததையும் அவர் நகைச்சுவையோடு எடுத்துக்கொண்டார். இத்துன்பங்களின் பயனாகக் கடற்படை மூழ்குநர் எத்துணை ஆழத்தில் எவ்வாயுவை எவ்வளவு நேரம் சுவாசிக்கலாம் என்னும் வரம்புகள் தெளிவு பெற்றன. ஆழத்தில் எதிர்ப்படும் மயக்கத்தையும் மூச்சிரைப்பையும் முன்பே பாதுகாப்பான அறையில் அனுபவித்தறிந்தவர், கடலில் அவற்றை எதிர்கொள்ளும்போது இது இன்னதென்று அறிவார், அறிந்தவர் திகிலுறார்.

நம் கடலின் பழைய பள்ளி

இவ்வுண்மைகளை நம் முத்துக்குளிப்போர் ஏட்டில் படித்தவரல்லர். எனினும் அவர்தம் தொழில்முறையில் இவை பொதிந்திருந்தன. மூழ்குகல்லில் காலை ஊன்றி இறங்குவர். இடுப்பிலோ கழுத்திலோ வலைப்பை இருக்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்கியபின் கயிற்றை அசைப்பர். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுப்பார். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். கயிறு பிடிப்பவரின் கவனமே மூழ்குபவரின் உயிர். இறங்குமுன் சுறாவைக் கட்டும் மந்திரம் சொல்வோரும் தோணித்துறையில் இருந்தனர். மந்திரத்தின் ஆற்றல் குறித்து நாம் என்ன கருதினும், அச்சமின்றி இறங்க அது மனத்துக்குத் துணையாயிருந்தது என்பதை மறுத்தற்கில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே இறுதித் தொடராயிற்று. பின்னாளில் காற்றழுத்த எந்திரத்தின் குழாய் வழியே சுவாசித்துச் சங்கு எடுக்கும் முறையும் இக்கடலுக்கு வந்தது. மூச்சடக்கி மூழ்குபவருக்குப் பெரும்பாலும் நேராத குமிழி நோய், குழாய் வழியே நெடுநேரம் சுவாசிப்பவருக்கு நேரும். புதிய கருவியை ஏற்போர் அதற்குரிய அட்டவணையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

எம் ஊர்க் கிணற்றில்

எம் இளமைக்கால நிகழ்ச்சியொன்றை இவ்விடத்தில் கூறாதிருக்க இயலவில்லை. எம் ஊர் வயற்கிணறுகளில் சிறுவர் மூழ்கி அடிமண் எடுத்து வருவது வழக்கம். பாதாளக் கரண்டிக்கும் சிக்காத வாளியை மூழ்கி எடுத்துத் தரும் பெரியவர் ஒருவர் இருந்தார். யாம் அவரை மாமா என்றழைப்போம். அவர் மேட்டில் அமர்ந்திருந்தாலன்றி எவரையும் மூழ்க விடமாட்டார். ஒருநாள் எம் தோழன் ஒருவன் நெடுநேரம் உள்ளிருக்கும் போட்டியில் வெல்ல எண்ணி, வேகவேகமாய்ப் பலமுறை மூச்சை இழுத்து விட்டபின் பாய்ந்தான். நீருக்குள் அவன் துடிக்கவில்லை, கை தூக்கவில்லை, அமைதியாகவே இருந்தான். மாமா மட்டும் ஐயுற்றுப் பாய்ந்தார். நினைவிழந்த நிலையில் அவனை மேலே கொணர்ந்தார். இறையருளால் அவன் பிழைத்தான். கிணற்றில் உள்ள ஏதோ ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது என்றே ஊரார் பேசினர்.

பல்லாண்டுகள் கழித்து ஹால்டேன் குடும்பத்தாரின் ஆய்வுகளைப் படித்தபோதுதான் அவனைப் பிடித்தது எதுவென யாம் அறிந்தோம். மூச்செடுக்க வேண்டும் என்னும் தவிப்பை நமக்குத் தருவது உயிர்வளியின் குறைவு அன்று, கரியமிலவாயுவின் பெருக்கமே. இதனை 1905இல் தந்தை ஹால்டேன் நிறுவினார். மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்தால் கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. உயிர்வளி பெரிதும் கூடுவதில்லை. ஆகவே உடல் எச்சரிக்கும் முன்பே உயிர்வளி தீர்ந்து, எவ்வித அறிகுறியுமின்றி நினைவு தப்புகிறது. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞரே இவ்வாறு மாள்கின்றனர். ஆதலின் மூழ்குமுன் மூச்சை வேகமாய் இழுத்துவிடுதல் கூடாது. தனியே மூழ்குதல் கூடாது. கரையில் ஒருவர் கண்ணிமையாது நோக்கியிருத்தல் வேண்டும். மாமாவின் கட்டுப்பாடு வெறும் கண்டிப்பு அன்று. அறிவியலே என்பதைக் காலம் கடந்து உணர்ந்தோம்.

பாழ்கிணற்றில் இறங்குவோரும் தந்தை ஹால்டேனின் சுரங்கப் பாடத்தை நினைவில் கொள்க. விழுந்தவரைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராய் இறங்கி மாண்ட செய்திகள் பல. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் உயிர்வளிக் குறைவை உணர்த்தலாம்; ஆயின் விளக்கு அணையாமையால் நச்சுவாயு இல்லையெனக் கொள்ளலாகாது. எரியும் வாயு இருப்பின் அவ்விளக்கே கேடாகவும் முடியும். பதற்றத்துடன் இறங்கும் அன்பைவிட, நின்று எண்ணித் தீயணைப்புப் படையினரை அழைக்கும் நிதானமே உயிர் காக்கும்.

இந்தியக் குடிமகன்

1956இல் நிகழ்ந்த சூயஸ் படையெடுப்பைத் தம் நாட்டின் பிழையெனக் கண்டித்த ஹால்டேன், 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். பேராசிரியர் மகலனோபிஸ் அழைப்பின்பேரில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். இந்திய உடை உடுத்தினார், புலால் மறுத்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று இந்திய மாணவர் வருந்த வேண்டுவதில்லை, கண்ணும் எண்ணும் இருந்தால் போதும் என வலியுறுத்தினார். அவர் ஊக்குவிப்பில் சிலர் பூவின் இதழ்களை எண்ணினர். சிலர் தென்னையின் இடஞ்சுழியையும் வலஞ்சுழியையும் ஆராய்ந்தனர். எம் ஊர்த் தோப்பிலும் செய்யத்தக்க ஆய்வு அது என எண்ணும்போது நெஞ்சம் மகிழ்கிறது. 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962இல் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் நிறுவினார்.

புற்றுநோய் அவரைப் பற்றியபோதும் அவர் மனம் கலங்கவில்லை. அந்நோயைப் பற்றியே நகைச்சுவைக் கவிதையொன்று எழுதி, காலங்கடத்தாது மருத்துவரை நாடுமாறு பிறரை எச்சரித்தார். 1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி அவருடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு ஆய்வின்பொருட்டு அளிக்கப்பட்டது.

நிறைவுரை

சமய நம்பிக்கையில் ஹால்டேன் நம்மோடு உடன்பட்டவர் அல்லர். ஆயினும் ஞானம் எங்கிருந்தாலும் அதனை நம் இழந்த பொருளாகக் கருதி எடுத்துக்கொள்ளுமாறு நம் முன்னோர் கற்பித்துள்ளனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் நாம் அறிந்ததே. கயிற்றைப் பிடிக்க ஆள் வைத்துவிட்டு இறங்கும் முத்துக்குளிப்பவரும், அட்டவணைப்படி நின்று நின்று மேலேறும் மூழ்குநரும் அவ்வறிவுரையின்படியே ஒழுகுகின்றனர்.

ஒவ்வோர் ஆண்டும் சாரல் தொடங்கியதும் நம் மாணவர் குற்றாலத்துக்கும் அணைகளுக்கும் கிணறுகளுக்கும் கூட்டமாய்ச் செல்கின்றனர். அவர்கள் செல்லட்டும், மகிழட்டும். ஆனால் நீச்சலை முறையாகக் கற்ற பின்னரே ஆழத்தில் இறங்கட்டும். ஊரிலுள்ள பெரியோர் தாமறிந்ததைக் கற்பிக்கட்டும். கரையில் ஒருவரேனும் விழித்திருக்கட்டும். ஓர் அறிஞர் தம் முதுகெலும்பை விலையாகக் கொடுத்து வாங்கித் தந்த அறிவு, நம் வீட்டுப் பிள்ளை ஒருவனையேனும் கிணற்றிலிருந்து கரையேற்றுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம். எல்லாம் வல்ல இறைவன் நம் இளைஞரைக் காத்தருள்வானாக.